கவர்னர் பேனாவும் தோழர் சங்கரய்யாவின் பட்டமும்

வேங்கிக்காலில், வேலூர் ரோட்டோரம், கலெக்டர் ஆபீசுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருமுனைக் கூட்டம் நடத்தினோம். தோழர் என். சங்கரய்யாவைப் பற்றித்தான் பேச்சு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுக்க முன்வந்த கௌரவ டாக்டர் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தாரே அன்றைய கவர்னர் ஆர்.என். ரவி, 2023 இல் நடந்த அந்தக் கதையைச் சொல்லி முடித்தோம். கூட்டம் கலையும் நேரம். களையெடுப்பு முடிந்து, களைக்கொட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்ட ஒரு தாயார், மேடை என்று நாம் வைத்திருந்த பெஞ்சியின் அருகே வந்தார்.

"ஏன் தோழர், அந்தப் பெரியவரு பட்டமே இல்லாம நூறு வருசம் வாழ்ந்துட்டாரு. செத்தும் போயிட்டாரு. அந்தக் காகிதத்துக்கு எதுக்கு இன்னும் சண்டை?"

பக்கத்தில் நின்ற மில் தோழர் ஒருவர் ஒத்து ஊதினார். "இப்ப யாருக்குத்தான் டாக்டர் பட்டம் இல்ல? சினிமாக்காரருக்கு உண்டு, காலேஜ் முதலாளிக்கு உண்டு. நம்ம தலைவருக்கு அது எதுக்கு?"

நியாயமான கேள்விகள். அவசரத்தில் அங்கே அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். அந்தத் தாயாருக்கும் மில் தோழருக்கும் முழுப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். தோழர் சங்கரய்யா அந்தப் பட்டத்தைக் கேட்கவில்லை. கட்சியும் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. கொடுக்க முன்வந்தது மதுரைப் பல்கலைக்கழகம். அதன் ஆட்சிக்குழு தீர்மானம் போட்டது. அதன் பேரவையும் தீர்மானம் போட்டது. படித்த மனிதர்கள் கூடி, யோசித்து, இவருக்குக் கொடுப்பது நமக்குப் பெருமை என்று முடிவு செய்தார்கள். வேந்தர் என்ற பெயரில் உச்சியில் உட்கார்ந்திருந்த கவர்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: ஒரு கையெழுத்து. அதைத்தான் அவர் போட மறுத்தார். அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, 2023 நவம்பர் 2 ஆம் தேதி மதுரையில் நடந்த பட்டமளிப்பு விழாவுக்கே போக மறுத்தார். நாடு முழுவதும் கேட்டது, ஏன் மறுத்தீர் என்று. கவர்னர் மாளிகையிலிருந்து ஒரு நேர்மையான காரணம் வரவில்லை. காரணம் இருந்தால்தானே வரும்! இருந்த காரணமோ வாய்விட்டுச் சொல்லக்கூடியது அல்ல.

அந்தக் காரணம் என்ன என்று பார்க்க, 1941 ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

தோழர் சங்கரய்யா பிறந்தது 1922 ஜூலை 15, கோவில்பட்டியில். பெற்றோர் முதலில் வைத்த பெயர் பிரதாபச்சந்திரன். தன் பெயரைத்தான் பேரனுக்கு வைக்க வேண்டும் என்று பாட்டனார் சங்கரய்யா பட்டினி கிடந்து மாற்ற வைத்தார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆக, பெயரிலேயே ஓர் உண்ணாவிரதம் ஒட்டிக்கொண்டு வந்தது! தகப்பனார் நரசிம்மலு மதுரைக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்தார். பிள்ளை மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சரித்திரப் பாடம் எடுத்து பி.ஏ. படித்தார்.

அந்தக் காலத்து பி.ஏ. என்றால் என்னவென்று இன்றைய வாலிபர்களுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நமக்கே அதைப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டெழுத்து இருந்தால் வெள்ளைக்கார சர்க்காரின் கதவு திறக்கும். தாசில்தார் ஆகலாம். இன்னும் இரண்டு வருஷம் படித்தால் வக்கீல் ஆகலாம். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறைக்குக் கவலையில்லாமல் சாப்பிடலாம். அந்தக் கதவின் பூட்டில் கை வைக்கும் நேரத்தில்தான் வாலிபர் சங்கரய்யாவை வேறு ஒரு கதவு இழுத்தது.

அவர் மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளர். தோழர் ஏ.கே. கோபாலன் போன்றவர்கள் மதுரையில் விதைத்த விதை 1940 இல் கட்சிக் கிளையாக முளைத்தபோது அதில் இருந்த இளைஞர்களில் ஒருவர். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யாரைக் கேட்டு இந்தியாவை யுத்தத்தில் இழுத்தாய் என்று மாணவர்கள் வெள்ளையனைக் கேட்டார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களை சர்க்கார் பிடித்து அடைத்தது. மதுரையில் அதைக் கண்டித்துக் குரல் எழுப்பினார் சங்கரய்யா. 1941 பிப்ரவரியில் போலீஸ் வந்தது. பி.ஏ. கடைசிப் பரீட்சைக்குப் பதினைந்தே நாள் பாக்கி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போலீசாருடன் நடந்தார்.

திருட்டா? கொலையா? இல்லை. விசாரணை உண்டா? இல்லை. பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று. அதன் கீழ் ஓர் உத்தரவு. உத்தரவின் அடியில் ஒரு துரையின் கையெழுத்து. அவ்வளவுதான். பதினெட்டு மாதம் போய்விட்டது. பரீட்சை போய்விட்டது. பட்டமும் போய்விட்டது.

தாயாரே, அந்தக் காகிதத்துக்கு எதற்குச் சண்டை என்று கேட்டீர்கள். அது அவர் படிக்காமல் கேட்ட காகிதம் அல்ல. படித்து, எழுதப் போகும் நேரத்தில் கையிலிருந்து பிடுங்கப்பட்ட காகிதம். பிடுங்கியவன் வெள்ளையன். 82 வருஷம் கழித்து, இந்த தேசத்தின் ஒரு பல்கலைக்கழகம் "அன்று உன்னிடமிருந்து பிடுங்கியது அநியாயம், அதைவிடப் பெரியதை நாங்கள் தருகிறோம்" என்று நீட்டியது. அந்தக் கையைத் தட்டிவிட்டார் கவர்னர். வெள்ளையன் 1941 இல் போட்ட உத்தரவை ரத்து செய்ய முடியாது என்று 2023 இல் தீர்ப்பளித்ததற்கு இது சமானமா இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1941 இல் அந்த வாலிபர் மேல் பைல் எழுதியது போலீஸ் இலாகா. 2023 இல் அந்தப் பட்டத்தின் பைலை மூடி வைத்த கவர்னரும் கவர்னராகும் முன் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர்தான். பழக்கம் எளிதில் போகுமா?

சிறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மனிதர் படித்த பல்கலைக்கழகம் அதுதான். நமக்குப் பக்கத்து ஊரான வேலூர்க் கோட்டத்துச் சிறையிலும் அவரை அடைத்திருந்தார்கள். அங்கே அப்போது தேசத் தலைவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் சிறைக்குள்ளும் சர்க்கார் ஜாதி பிரித்திருந்தது: ஏ வகுப்பு, பி வகுப்பு என்று. வசதியும் படிப்பும் உள்ளவனுக்கு ஒரு சோறு, இல்லாதவனுக்கு ஒரு சோறு. தேச விடுதலைக்காக வந்தவர்களுக்குள் என்ன உயர்வு தாழ்வு என்று கம்யூனிஸ்டு கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். பத்தொன்பது நாள் நடந்தது. கவனியுங்கள் தோழர்களே: கல்லூரியில் படித்த வாலிபர், தனக்கு வசதி வேண்டும் என்று பட்டினி கிடக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே நடத்தை வேண்டும் என்று கிடந்தார். பத்தாவது நாள் சிறைத்துறையின் பெரிய அதிகாரி பார்வையிட வந்தாராம். எல்லோரும் துவண்டு கிடப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர், இந்த இளைஞர் படுத்தபடியே கார்க்கியின் 'தாய்' நாவலைப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு திகைத்தாராம். மூத்த தோழர்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு சந்தேகம் வரும்: வயிற்றில் பத்து நாள் ஒன்றுமில்லாதபோது எழுத்து கண்ணுக்குத் தெரியுமா என்று. பஞ்சத்தில் வளர்ந்த உங்களுக்கு இதன் கஷ்டம் நம்மைவிட நன்றாகவே தெரியும்.

1946-47 இல் மறுபடி சிறை. மதுரைச் சதி வழக்கு! ஹார்வி மில் தொழிலாளிகளின் ஊர் மதுரை. செங்கொடி அங்கே வேர்விட்டு வளர்ந்தது வெள்ளை முதலாளிக்கும் பிடிக்கவில்லை, சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்த காங்கிரஸ் மந்திரிகளுக்கும் பிடிக்கவில்லை. தோழர் பி. ராமமூர்த்தி, தோழர் சங்கரய்யா முதலானவர்கள் மேல் சதி வழக்கு ஜோடித்தார்கள். 1947 ஆகஸ்டு 14 ஆம் தேதி, சுதந்திரத்துக்கு முதல் நாள்தான் வெளியே வந்தார்கள். வெள்ளைக்கார ஆட்சியின் கடைசி நாள்வரை அவர் கைதி! நடுநிசியில் கொடி ஏறியபோது, சிறையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் அதைப் பார்த்த மனிதர் விடுதலைப் போராட்ட வீரர் இல்லையென்றால், பின் யார் வீரர்?

இப்போது கவர்னரின் காரணத்துக்கு வருவோம். 2023 அக்டோபரில், மதுரை விழாவுக்குச் சில நாள் முன்பு, இதே கவர்னர் திருச்சியில் பேசினார். தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்ட வீரர்கள் மறக்கடிக்கப்படுகிறார்கள் என்று வருந்தினார். ஆகா, என்ன பரிவு! மருது சகோதரர்களின் பெயரைச் சொல்லிக் கண்ணீர் விட்டார். தூக்கில் தொங்கி இரு நூற்றாண்டுக்கு மேல் ஆனவர்களுக்கு மாலை போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் எழுந்து கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் சென்னைக் குரோம்பேட்டையில் 101 வயதில் உயிரோடு ஒரு வீரர் இருந்தார். அவருடைய பெயர் எழுதிய காகிதம் கவர்னரின் மேஜைமேல் கிடந்தது. கண்ணீர் துடைத்த கையால் அதில் ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை. ஏன்? அந்த வீரர் கம்யூனிஸ்டு. ஜாதியை எதிர்த்தவர். மதவெறியை எதிர்த்தவர். கவர்னருக்கு இனிக்கிற சித்தாந்தத்தை ஆயுள் முழுக்க எதிர்த்தவர். இதுதான் காரணம். இதைச் சொல்லும் தைரியம் இல்லாததால்தான் மௌனம்.

இங்கே ஒருவன் எழுந்து கேட்பான், கேட்டும் இருக்கிறான்: "1942 இல் 'வெள்ளையனே வெளியேறு' என்றபோது உங்கள் கட்சி என்ன செய்தது?" நாம் இந்தக் கேள்விக்குப் பயந்து ஓடுகிறவர்கள் அல்ல. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின் மேல் பாய்ந்தான். தொழிலாளி வர்க்கத்தின் முதல் சர்க்காரைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்று கட்சி கருதியது. அந்த அவசரத்தில், ஆகஸ்டு இயக்கத்திலிருந்து விலகி நின்றது. அது தவறு. கட்சி பிற்பாடு அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டது. தவறு செய்தால் தவறு என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கேட்கிறவனிடம் அந்தப் பழக்கம் இருக்கிறதா? அவன் தலைமேல் வைத்துக் கூத்தாடும் ஆர்.எஸ்.எஸ். ஸ்தாபனமும்தான் 1942 இல் ஒதுங்கி நின்றது. நாம் நின்றது பாசிசத்தை எதிர்க்க. நம் கணக்கு பிசகியது. அவர்கள் எதற்காக நின்றார்கள்? எண்பது வருஷமாகியும் பதில் இல்லை. அதோடு, அந்த 1942 இலும் தோழர் சங்கரய்யா பாதி வருஷத்துக்கு மேல் வெள்ளையன் சிறையில்தான் இருந்தார் என்பதையும் கேள்வி கேட்கும் கனவான் குறித்துக்கொள்ளட்டும்.

சுதந்திரம் வந்தது, சிறை போகவில்லை. 1948 இல் கட்சியின் மேல் அடக்குமுறை பாய்ந்தது. தலைமறைவு. 1962 இல் சீன எல்லைப் போர் வந்ததும் சிறை. 1964 முடிவில் தொடங்கிய வேட்டையில் மறுபடி சிறை. மொத்தம் எட்டு வருஷம் சிறை, மூன்று வருஷம் தலைமறைவு என்று கணக்குச் சொல்வார்கள். வெள்ளையன் போட்டதில் பாதி, கதர்ச்சட்டை போட்டதில் பாதி என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. துல்லியமான கணக்கு வேண்டாம், விஷயம் விளங்கினால் போதும்.

1964 ஏப்ரல் 11 ஆம் தேதி தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் சங்கரய்யா ஒருவர். கேரளத்து வி.எஸ். அச்சுதானந்தனும் அந்த 32 இல் ஒருவர். 2025 ஜூலையில் அவரும் போய்விட்டார். சங்கரய்யா 1967 இல் மதுரை மேற்குத் தொகுதியிலும், 1977 லும் 1980 லும் மதுரை கிழக்கிலும் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். விவசாயிகள் சங்கத்தின் மாநிலப் பொறுப்பில் இருந்தார். 'தீக்கதிர்' ஏட்டுக்கு ஆசிரியராக இருந்தார். 1975 இல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளர். பட்டியல் நீளம், ஆனால் பதவிகளைப் பார்த்து அவரை மதிக்கிறவர்கள் நாம் அல்ல என்பதால் இதோடு விடுகிறோம்.

ஒன்றை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை. சிறையிலிருந்து வந்த அடுத்த மாதமே, 1947 செப்டம்பரில், ஆசிரியையான தோழர் நவமணியை மணந்தார். அந்த அம்மையார் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மதம் குறுக்கே நிற்கவில்லை, ஜாதி குறுக்கே நிற்கவில்லை. 1947 இல்! நம் திருவண்ணாமலை ஜில்லாவைப் பாருங்கள். தென்முடியனூரில் தலித் மக்கள் ஊர்க் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போலீஸ் பந்தோபஸ்தோடு. மேடையில் ஜாதி ஒழிப்பு பேசிவிட்டு வீட்டில் ஜாதகத்தோடு ஜாதியையும் பொருத்திப் பார்க்கிறவர்கள் நம் அணிகளிலும் இல்லையா? உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

உலகத்தைப் பார்த்தால் இது சங்கரய்யா ஒருவரின் கதை அல்ல என்பது விளங்கும். லாவோஸ் என்று ஒரு சின்ன நாடு, வியத்நாமுக்குப் பக்கத்தில். அங்கே கெய்சோன் பொம்விஹான் என்று ஒருவர். சங்கரய்யாவுக்கு ஒன்றரை வயது மூத்தவர், 1920 டிசம்பரில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரன் நடத்திய ஹனோய் கல்லூரியில் சட்டம் படிக்கப் போனார். படிப்பைவிட நாடு பெரிது என்று விடுதலைப் போரில் இறங்கினார். காட்டிலும் குகையிலும் இருந்து முதலில் பிரெஞ்சுக்காரனை எதிர்த்தார், பிறகு அமெரிக்காவின் குண்டுமழையைத் தாங்கினார். 1975 டிசம்பர் 2 ஆம் தேதி மக்கள் ஜனநாயகக் குடியரசு பிரகடனமானபோது அந்த மனிதர் அதன் முதல் பிரதமர் ஆனார். அடிமை நாடுகளில் ஒரு தலைமுறையே இப்படி வகுப்பறையிலிருந்து எழுந்து போயிற்று. சில நாடுகளில் அவர்கள் கைக்கு ஆட்சி வந்தது. இங்கே வரவில்லை. அதனால்தான் இங்கே அவர்கள் பட்டத்துக்குக் கூட வேறு ஒருவன் கையெழுத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது.

மில் தோழரே, உங்கள் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. கண்டவருக்கெல்லாம் கொடுக்கும் பட்டம் நம்மவருக்கு எதற்கு என்றீர்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை என்பது மெய். 2021 இல் தமிழ்நாடு சர்க்கார் 'தகைசால் தமிழர்' விருதை முதன்முதலாக அவருக்குத்தான் கொடுத்தது. கூடவே 10 லட்சம் ரூபாய். அன்றைக்குக் கொரோனா நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. பத்து லட்சத்தையும் அப்படியே முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். அவரைப் பணத்தாலும் பட்டத்தாலும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அப்படியானால் சண்டை யாருக்காக? நமக்காக. காசுள்ளவனுக்குக் கையெழுத்துப் போடும் பேனா, எட்டு வருஷம் சிறையிருந்தவனின் பெயரைக் கண்டதும் மை வற்றிப்போகிறது என்றால், அந்தப் பேனா நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அந்தப் பேனாவை அவர் கையில் கொடுத்தது யார்? நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா? நாம் போட்டோமா? டில்லியிலிருந்து வந்த ஒரு நியமன உத்தரவு. அதன் பலத்தில், ஓட்டு வாங்கிய சட்டசபை நிறைவேற்றிய மசோதாக்களையே வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டார். 2025 ஏப்ரல் 8 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டே பத்து மசோதாக்களை அவர் நிறுத்தி வைத்தது சட்டவிரோதம் என்று சொல்ல வேண்டி வந்தது. மசோதாவைப் பூட்டி வைத்தவருக்குப் பட்டச் சான்றிதழைப் பூட்டுவது எம்மாத்திரம்?

கவர்னரைத் திட்டிவிட்டு இங்கேயே முடித்தால் நம் ஊர் மந்திரிமார்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நாம் அப்படி முடிக்கப் போவதில்லை. இந்தக் கூட்டத்தை வேங்கிக்காலில் நடத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது.

2023 நவம்பரில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். செய்யாறு சிப்காட்டின் மூன்றாவது விரிவாக்கத்துக்கு என்று மேல்மா முதலான கிராமங்களில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க சர்க்கார் கிளம்பியது. முப்போகம் விளையும் பூமியை விட மாட்டோம் என்று விவசாயிகள் ஜூலை 2 ஆம் தேதியிலிருந்து உட்கார்ந்தார்கள். நான்கு மாதம் உட்கார்ந்தார்கள். கல்லெறிந்தார்களா? கத்தி எடுத்தார்களா? பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மதுரையில் கவர்னர் பட்டம் வழங்கிய இரண்டாம் நாள், நவம்பர் 4 ஆம் தேதி, போலீஸ் போய் 20 பேரைப் பிடித்து அடைத்தது. போதாதென்று நவம்பர் நடுவில் அதில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம்! கள்ளச்சாராயக்காரனுக்கும் ரவுடிக்கும் என்று 1982 இல் எம்.ஜி.ஆர். சர்க்கார் கொண்டுவந்த சட்டம் அது. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஜில்லாவில் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கலெக்டருக்கு. திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறது? வேங்கிக்காலில். நாம் பெஞ்சி போட்டு நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

1941 இல் மதுரை வாலிபனை விசாரணையில்லாமல் உள்ளே தள்ளிய கையெழுத்தையும், 2023 இல் மேல்மா விவசாயியை விசாரணையில்லாமல் உள்ளே தள்ளிய கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துரை மாறினான். கொடி மாறிற்று. ஆட்சி மாறிற்று, கட்சி மாறிற்று. பாதுகாப்புச் சட்டம் என்ற பெயர் குண்டர் சட்டம் ஆயிற்று. நாலு கூட்டம் போட்டுக் கேள்வி கேட்டவன் அன்றும் உள்ளே போனான், இன்றும் போனான். கவர்னர் சங்கரய்யாவுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று சரியாகவே கொதித்த மந்திரிகள், தங்கள் சர்க்காரின் கலெக்டர் விவசாயிக்கு எதிராகப் போட்ட கையெழுத்தைப் பற்றி முதலில் வாய் திறந்தார்களா? கூச்சல் கிளம்பிய பிறகு, நவம்பர் 17 ஆம் தேதி, ஆறு பேர் மேலிருந்த உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். குடும்பத்தார் மனுக் கொடுத்தார்கள், அதனால் இரக்கப்பட்டோம் என்பது போல ஒரு விளக்கம். ஏழாமவர் விஷயத்தில் அப்போது இறங்கி வரவில்லை. இரக்கம் என்ன, பிச்சையா? தன் நிலத்தைத் தான் வைத்துக்கொள்வேன் என்றவன் எதற்கு மன்னிப்பு மனு எழுத வேண்டும்?

கவர்னரை எதிர்க்கும் சண்டையில் இந்த சர்க்காரோடு சேர்ந்து நின்றோம், அதற்கு வெட்கப்படவில்லை. மாநில உரிமை மில் தொழிலாளிக்கும் வேண்டும், கூலிக்காரனுக்கும் வேண்டும். ஆனால் தோளோடு தோள் நின்றவன் நம் காலை மிதித்தால், மிதிக்கிறாய் என்று சொல்லத்தான் வேண்டும். ஒரு கட்சியோடு கூட்டு வைத்துத் தேர்தலில் நின்ற பிறகும் சட்டசபையில் கூலி உழைப்பாளியின் பக்கம் நின்று பேசிய மனிதரின் பெயரால் இதைச் சொல்கிறோம்.

அந்த நவம்பர் 15 ஆம் தேதி, புதன்கிழமை காலை, தோழர் சங்கரய்யா சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். பட்டம் வந்து சேரவில்லை. மதுரைப் பல்கலைக்கழகத்தின் தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தீர்மானம் மட்டும் இருக்கிறது. மறுநாள் பெசன்ட் நகர் மயானத்துக்கு ஊர்வலம் போனது. கடலலை போலக் கூட்டம், செங்கொடி, முழக்கம். அரசு மரியாதை. யாரை மூன்று வருஷம் ஊர் ஊராகத் தேடி அலைந்ததோ அதே போலீஸ் இலாகா அணிவகுத்து நின்று, துப்பாக்கியை வானத்தை நோக்கி உயர்த்தி வேட்டுப் போட்டது.

தாயாரே, அந்த வேட்டுச் சத்தம் கேட்ட நேரத்தில் மேல்மாவின் ஏழு பேரும் சிறைக்குள் இருந்தார்கள்.